‘தி ஹாட் ஸோன்’: கவச உடையும் ஐந்து சிரிஞ்சும்

நேஷனல் ஜியாகிரபிக் சேனல் 2019 மே மாதம் ஒளிபரப்பிய ‘தி ஹாட் ஸோன்’ தொடரை ரொம்ப நாளாகப் பார்க்க வேண்டும் என்று நினைத்து, ஒருவழியாகப் பார்த்து முடித்தேன். மொத்தமே ஆறு எபிசோடு. அமெரிக்கத் தலைநகருக்குப் பக்கத்தில் எபோலா வந்துவிட்டுப் போன கதை. ரிச்சர்ட் பிரெஸ்டன் 1994-ல் எழுதிய புத்தகத்தை வைத்து எடுத்தது. பிடித்ததா என்று கேட்டால், பிடித்தது. ஆனால் முடித்த பிறகு என் மனசு அது காட்டியதைவிடக் காட்டாமல் விட்டதைத்தான் சுற்றிக்கொண்டிருக்கிறது. இரண்டையும் பேசிவிடலாம்.

முதலில் கதை. 1989 அக்டோபர். வாஷிங்டனுக்கு வெளியே, வர்ஜீனியா மாநிலத்தில் ரெஸ்டன் என்ற ஊர். ஆய்வுக்கூடங்களுக்குக் குரங்கு தருவிக்கும் ஒரு நிறுவனத்தின் கட்டடம் அங்கே இருந்தது. வெளிநாட்டிலிருந்து வரும் குரங்குகளைக் கொஞ்ச நாள் தனியாக அடைத்து வைத்துக் கவனித்துவிட்டு அனுப்புவார்கள். பிலிப்பைன்ஸிலிருந்து நூறு குரங்குகள் வந்து இறங்குகின்றன. (ஏன் பிலிப்பைன்ஸ்? ஒரு காலத்தில் அமெரிக்க ஆய்வுக்கூடங்களுக்கு நம் நாட்டு ரீசஸ் குரங்குகள்தான் வருஷத்துக்கு ஆயிரக்கணக்கில் போய்க்கொண்டிருந்தன. 1978-ல் மொரார்ஜி தேசாய் அரசு ஏற்றுமதியை அடியோடு நிறுத்தியது. அதற்குப் பிறகு பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா பக்கத்து நீள்வால் குரங்குகளுக்குக் கிராக்கி கூடியது. ரெஸ்டன் கதையில் இந்தியாவுக்கு இப்படி ஒரு மறைமுகப் பங்கு இருப்பது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.)

வந்த குரங்குகள் வரிசையாகச் சாக ஆரம்பிக்கின்றன. அங்கே பொறுப்பில் இருந்த கால்நடை மருத்துவர் டான் டால்கார்ட். பயணக் களைப்பில் சில குரங்குகள் சாவது வழக்கம்தான் என்று அவர் விட்டிருக்கலாம். விடவில்லை. செத்ததை அறுத்துப் பார்த்தார். மண்ணீரல் வீங்கிக் கல்லாக இறுகிக் கிடந்தது. ஒன்றில் மட்டுமல்ல, அடுத்தடுத்து. மாதிரிகளை எடுத்து மேரிலாந்தில், ஃபோர்ட் டெட்ரிக்கில் இருந்த ராணுவத் தொற்றுநோய் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார். அலுமினியத் தாளில் சுற்றிய சதைத் துண்டுகள். சந்தேகப்பட்டது குரங்குகளை மட்டும் தாக்கும் ஒரு ரத்தக்கசிவுக் காய்ச்சலை. மனிதர்களுக்கு அதனால் ஆபத்தில்லை.

அப்படி ஒரு நிம்மதியில் இருக்கும்போது நடந்ததுதான், என்னைப் பொறுத்தவரை, இந்தக் கதை முழுக்கவே முக்கியமான சம்பவம். குரங்குத் திசுவிலிருந்து வளர்த்த செல்கள் ஒரு குடுவையில் செத்துக்கொண்டிருந்தன. பாக்டீரியா கலந்து கெட்டுப்போயிருக்குமோ என்று சந்தேகம். சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா வளர்ந்தால் திராட்சைச் சாறு மாதிரி ஒரு வாசனை வரும். ஆகவே விஞ்ஞானி பீட்டர் ஜார்லிங் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார். கூட இருந்த டாம் கைஸ்பர்ட் என்ற இளைஞரிடம் நீட்டினார். அவரும் முகர்ந்தார். வாசனை ஒன்றும் இல்லை. வேலை பழகிப்போனவர்கள் எல்லாரும் செய்கிற சின்னக் காரியம், அவ்வளவுதான்.

நவம்பர் கடைசியில் கைஸ்பர்ட் அந்தச் செல்களை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்கிறார். செல்லுக்குள் நூல் நூலாக, சுருண்டும் வளைந்தும் நெளிகிற வடிவங்கள். வைரஸ் உலகில் அப்படி ஒரு வடிவம் இருப்பதாக அப்போது தெரிந்தது இரண்டே வைரஸ்களுக்குத்தான். ஒன்று, 1967-ல் ஜெர்மனியிலும் யூகோஸ்லாவியாவிலும் 31 பேருக்கு வந்து ஏழு பேரைக் கொன்ற மார்பர்க். மற்றது எபோலா.

எது என்று ஜார்லிங் கண்டுபிடித்த விதத்தைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். பழைய நோயாளிகளின் ரத்தத்திலிருந்து பிரித்த சீரங்கள் அவர்கள் உறைபெட்டியில் இருந்தன. ஒவ்வொன்றிலும் அந்தந்த வைரஸை மட்டும் அடையாளம் கண்டு ஒட்டிக்கொள்ளும் எதிர்ப்பொருள் இருக்கும். குரங்குச் செல்லின் மேல் அதை விட்டு, இருட்டறையில் நுண்ணோக்கி வழியாகப் பார்த்தால், பொருந்தியது பச்சையாக ஒளிரும். மூன்று சீரத்தை வைத்துப் பார்த்தார். மார்பர்க் சீரம் ஒளிரவில்லை. சூடான் எபோலாவின் சீரமும் பெரிதாக ஒளிரவில்லை. மூன்றாவது பளிச்சென்று ஒளிர்ந்தது. அந்தச் சீரத்தின் பெயர் மயிங்கா. 1976-ல் ஸயர் (இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசு) நாட்டுத் தலைநகர் கின்ஷாசாவில், எபோலா வந்த கன்னியாஸ்திரிக்குப் பணிவிடை செய்து, அதே நோயில் செத்துப்போன இளம் நர்ஸ் மயிங்கா ந்செகாவின் பெயர். அவள் செத்துப் பதின்மூன்று வருஷம் கழித்து, எங்கோ அமெரிக்காவில் ஒரு இருட்டறையில், வந்திருப்பது எபோலா இனம் என்று காட்டிக்கொடுத்தது அவள் பெயர் தாங்கிய சீரம். தொடரை எடுத்தவர்கள் ஒரு முழு எபிசோடை இதற்கே கொடுத்திருந்தாலும் நான் கண் எடுக்காமல் பார்த்திருப்பேன்.

இப்போது அந்தக் குடுவையை நினைத்துப் பாருங்கள். முகர்ந்த இரண்டு பேரும் என்ன செய்திருக்க வேண்டும்? மேலதிகாரியிடம் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் ‘ஸ்லாமர்’ என்று அவர்கள் கூப்பிடும் தனிமை அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்திவிடுவார்கள். இருவரும் யாரிடமும் மூச்சுவிடாமல் தங்கள் ரத்தத்தைத் தாங்களே எடுத்துச் சோதித்துப் பார்த்துக்கொண்டார்கள். கெட்டவர்கள் இல்லை. துறையில் பெரிய திறமைசாலிகள். பயந்துவிட்டார்கள். உலகத்தின் மிகப் பாதுகாப்பான ஆய்வுக்கூடங்களில் ஒன்றில், எல்லா விதியும் தெரிந்த படித்த மனிதரே பயத்தில் நோயை மறைக்கிறார் என்றால், குக்கிராமத்தில் காய்ச்சலோடு படுத்திருக்கும் குழந்தையைப் போர்வைக்குள் ஒளித்துவைக்கும் தாயை நாம் எந்த வாயால் திட்டுவது? தொடரில் ஜார்லிங்காக டோஃபர் கிரேஸ் நடித்திருக்கிறார். கொஞ்சம் அலட்டல், உள்ளுக்குள் நடுக்கம் என்று நன்றாகவே செய்திருக்கிறார்.

நாயகி நான்சி ஜாக்ஸ். ராணுவக் கால்நடை மருத்துவர், நிஜ மனிதர். ஜூலியானா மார்குலீஸ் நடித்திருக்கிறார். அவர் மிகக் கொடிய கிருமிகளைக் கையாளும் நான்காம் நிலை ஆய்வுக்கூடத்துக்குள் போகும் காட்சிகள்தாம் தொடரின் உயிர். நீலக் கவச உடை. உள்ளே காற்றழுத்தம் கூடுதலாக இருக்கும். எங்காவது ஓட்டை விழுந்தாலும் காற்று வெளியேதான் போகும், கிருமி உள்ளே வராது. கையுறைக்கு மேல் கையுறை, மணிக்கட்டில் சுற்றிச் சுற்றி டேப். உள்ளே போனதும் மேலிருந்து தொங்கும் சுருள் குழாயை இழுத்து உடையில் மாட்ட வேண்டும். மாட்டிவிட்டால் காற்றின் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது காதில் விழாது. ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நகர வேண்டுமானால் குழாயைக் கழற்றி, அங்கே தொங்கும் குழாயில் மாட்டிக்கொள்ள வேண்டும். அந்த இடைவெளியில் முகக்கண்ணாடி பனிக்க ஆரம்பிக்கும். இதை எல்லாம் இயக்குநர்கள் அவசரப்படாமல் காட்டுகிறார்கள்.

இந்தக் காட்சியை என் அக்காவோடு உட்கார்ந்து பார்த்தேன். அக்கா அரசு மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ். நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருக்க, அவள் சாதாரணமாகச் சொன்னாள்:

“போடுறது பெரிய விஷயமே இல்லடா தம்பி. கழட்டுறதுலதான் எல்லாமே இருக்கு.”

“அதான் கெமிக்கல் ஷவர்ல நனையுறாங்களேக்கா.”

“அவங்களுக்கு ஷவர் இருக்கு. எங்களுக்கு?”

என்று சொல்லி எழுந்துபோய், சமையலறையில் இருந்த ரப்பர் கையுறையைக் கொண்டுவந்து மாட்டிக்கொண்டு காட்டினாள். இடது கையுறையின் மணிக்கட்டு ஓரத்தை, தோலில் படாமல், வெளிப்பக்கமாக வலது கையால் கிள்ளிப் பிடிக்க வேண்டும். உள்பக்கம் வெளியே வரும்படி மெதுவாக உரிக்க வேண்டும். உரித்ததை வலது உள்ளங்கைக்குள் சுருட்டிக்கொள்ள வேண்டும். இப்போது இடது கை வெறும் கை. அதன் விரலை வலது கையுறையின் உள்பக்கத்தில் நுழைத்து, முதல் கையுறையையும் சேர்த்து விழுங்கும்படி உரிக்க வேண்டும். வெளிப்பக்கத்தை வெறும் விரல் ஒருமுறைகூடத் தொடக் கூடாது. அப்புறம் சோப்பு. “கொரோனா வந்த புதுசுல எங்களுக்குக் கிட் வரவே இல்ல. ரெயின்கோட்டு போட்டுத்தான் வார்டுக்குள்ள போனோம். அதையும் இப்படித்தான் கழட்டினோம்” என்றாள். அவள் சொன்னதற்குப் பிறகு, உடையை மாட்டும் காட்சிகளைவிடக் கழற்றும் காட்சிகளைத்தான் நான் உற்றுப் பார்த்தேன்.

நான்சி ஜாக்ஸின் வாழ்க்கையிலும் ஒரு கையுறைக் கதை உண்டு. 1983-ல், எபோலா தொற்றிய குரங்கின் ரத்தம் கிழிந்த கையுறை வழியாக உள்ளே போய்விட்டது. அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் வீட்டுச் சமையலறையில் உள்ளங்கையைக் கத்தியில் கிழித்துக்கொண்டு கட்டுப் போட்டிருந்தார். கடைசியாக இருந்த மெல்லிய உள்கையுறை கிழியாமல் தாங்கியதால் தப்பித்தார். தொடர் இப்படிப் பல வருஷத்துச் சம்பவங்களை ஒரே சில வாரங்களுக்குள் நெருக்கிக் கொண்டுவந்துவிடுகிறது. நாடகத்துக்கு அது தேவைதான், குறை சொல்லவில்லை.

பிறகு ராணுவக் குழு போய்க் கட்டடத்தில் இருந்த குரங்குகளை எல்லாம் ஊசி போட்டுக் கொன்றது. குழுவை நடத்தியவர் நான்சியின் கணவர் ஜெர்ரி ஜாக்ஸ். மொத்தம் சுமார் 450 குரங்குகள். அதன்பின் ஜன்னல், கதவு, இடுக்கு எல்லாவற்றையும் டேப்பால் ஒட்டி அடைத்து, வீட்டில் உபயோகிக்கும் எலக்ட்ரிக் வாணலிகளை அறை அறையாக வைத்து, அதில் பாராஃபார்மால்டிஹைடு தூளைச் சூடாக்கிப் புகை போட்டார்கள். எல்லாக் கிருமியும் செத்ததா என்று பார்க்க, எளிதில் சாகாத பாக்டீரியா வித்துகளைத் தடவிய காகிதத் துண்டுகளை அங்கங்கே வைத்துச் சோதித்தார்கள்.

ஒரு மனிதருக்கும் ஒன்றும் ஆகவில்லை. குரங்குகளோடு பழகிய ஊழியர்கள் சிலரின் ரத்தத்தில் எதிர்ப்பொருள் இருந்தது, அதாவது வைரஸ் உடம்புக்குள் போயிருக்கிறது. ஆனால் யாரும் படுக்கவில்லை. ரெஸ்டன் வைரஸ் குரங்கைக் கொல்லும், மனிதரை விட்டுவிடும். அவர்கள் எடுத்த முன்னெச்சரிக்கை அதிகம் என்று நான் சொல்ல மாட்டேன். அன்றைக்கு அது யாருக்குத் தெரியும்?

என் மனக்குறை ஆரம்பிப்பது ஆப்பிரிக்கக் காட்சிகளில். தொடர் நடுநடுவே 1976-ல் ஸயருக்குப் போகிறது. அங்கே வேட் கார்ட்டர், டிரெவர் ரோட்ஸ் என்று இரண்டு வெள்ளைக்கார விஞ்ஞானிகள். கார்ட்டராக வருபவர் ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ லியாம் கன்னிங்காம். அருமையான நடிகர். ஆனால் இருவருமே கற்பனைப் பாத்திரங்கள். கதையின் கண் முழுக்க அவர்கள் மேல்தான். ஆப்பிரிக்கர்கள் சாகிறார்கள், அழுகிறார்கள், துப்பாக்கி தூக்குகிறார்கள்.

நிஜத்தில், நோய் கிளம்பிய யம்புக்கு கிராமத்துக்கு முதலில் போன விஞ்ஞானிகளில் ஒருவர் அந்த நாட்டுக்காரரே. ழான்-ழாக் முயெம்பே, பெல்ஜியத்தில் படித்துத் திரும்பிய நுண்ணுயிரியலாளர். அப்போது முப்பத்துச் சொச்சம் வயது. கையுறை இல்லை. காய்ச்சல்காரர்களிடம் வெறும் கையால் ரத்தம் எடுத்தார். ஊசியை உருவிய இடத்தில் ரத்தம் உறையாமல் வழிந்துகொண்டே இருந்ததைப் பார்த்து, இது வழக்கமான டைஃபாய்டோ மஞ்சள் காய்ச்சலோ இல்லை என்று புரிந்துகொண்டார். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார். நோயில் விழுந்த ஒரு கன்னியாஸ்திரியைத் தன்னோடு கின்ஷாசாவுக்கு அழைத்துவந்தார். அந்தக் கன்னியாஸ்திரியின் ரத்தம்தான் ஒரு தெர்மாஸ் ஃபிளாஸ்கில் ஆன்ட்வெர்ப் போய், புது வைரஸ் என்று உலகத்துக்குத் தெரியவந்தது. ஆன்ட்வெர்ப்பில் அந்த ஃபிளாஸ்கைத் திறந்தவர்களில் ஒருவரான பீட்டர் பியோட் பின்னாளில் உலகப் புகழ் பெற்றார். முயெம்பேயின் பெயர் பல வருஷம் வெளியே தெரியவே இல்லை.

யம்புக்குவில் நோய் எப்படிப் பரவியது? உலக சுகாதார நிறுவனம் 1978-ல் வெளியிட்ட விசாரணை அறிக்கையில் இருக்கிறது. அங்கே இருந்தது கன்னியாஸ்திரிகள் நடத்திய ஒரு மிஷன் மருத்துவமனை, 120 படுக்கை. தினமும் நூற்றுக்கணக்கான வெளிநோயாளிகள் வருவார்கள். பெரும்பாலோருக்கு ஊசிதான் வைத்தியம். தினமும் காலையில் நர்ஸ்களுக்கு ஐந்து சிரிஞ்சு கொடுப்பார்கள். ஒருவருக்குப் போட்டதை வெந்நீரில் அலசி அடுத்தவருக்குப் போடுவார்கள். அன்றைய மருத்துவம் முடியும்வரை அதே ஐந்துதான். கர்ப்பிணிகள் பரிசோதனைக்கு வந்து ஊசி போட்டுக்கொண்டு போனார்கள். நோய் வந்த 318 பேரில் 280 பேர் செத்தார்கள். மருத்துவமனை ஊழியர்கள் 17 பேரில் 11 பேர் போய்விட்டார்கள். வேலை செய்ய ஆளில்லாமல் மருத்துவமனையை மூடினார்கள். மூடிய பிறகுதான் நோய் அடங்க ஆரம்பித்தது.

இந்த வரியைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. காட்டிலிருந்து வந்த வைரஸ் ஒருவரிடம் வந்தது உண்மை. அதை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது, நல்ல மனதோடு ஊசி போட்ட கை. அந்தக் கன்னியாஸ்திரிகள் கொடுமைக்காரிகள் இல்லை. தங்களுக்குத் தெரிந்ததை வைத்துச் சேவை செய்தார்கள், அதிலேயே செத்தும் போனார்கள். ஆறாவது சிரிஞ்சு வாங்கப் பணமில்லாத, கொதிக்கவைக்க நேரமில்லாத ஏழ்மைதான் இந்தக் கதையின் வில்லன். ஆறு எபிசோடு எடுக்கிறவர்கள் பத்து நிமிஷம் இந்த வெந்நீர்ச் சட்டிக்குக் கொடுத்திருந்தால், கோடிக்கணக்கில் செலவு செய்த அந்த நீல உடைக்கே வேறு அர்த்தம் வந்திருக்கும்.

நோயைக் காட்டும் விதத்திலும் எனக்கு வருத்தம். உடம்பெல்லாம் ரத்தம் கொப்பளித்து, உறுப்புகள் உருகிப்போகும் என்ற மாதிரியான வர்ணனை மூலப் புத்தகத்திலேயே உண்டு. டேவிட் குவாமன் போன்ற அறிவியல் எழுத்தாளர்கள் இந்த மிகைப்படுத்தலைக் கண்டித்திருக்கிறார்கள். 2014-லிருந்து 2016 வரை மேற்கு ஆப்பிரிக்காவில் 28,600 பேருக்கு மேல் நோய் வந்தது, 11,300 பேருக்கு மேல் செத்தார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு வந்தது காய்ச்சல், வாந்தி, அடங்காத வயிற்றுப்போக்கு. கண்ணில் தெரிகிற ரத்தக்கசிவு சிறுபான்மையோருக்குத்தான். நீர்ச்சத்து வற்றிச் சாகிற மனிதருக்கு டிரிப் ஏற்ற வேண்டும், பக்கத்தில் ஆள் வேண்டும். திரையில் ரத்தம் பீறிடுவதைப் பார்த்தவர்கள் பக்கத்தில் போவார்களா?

‘தி ஹாட் ஸோன்’ ஒளிபரப்பாகிப் பத்துப் பதினைந்து நாளுக்குள் மலையாளத்தில் ஆஷிக் அபுவின் ‘வைரஸ்’ படம் வந்தது. 2018-ல் கோழிக்கோடு, மலப்புரம் பக்கம் வந்த நிபா பற்றியது. உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அதன் இரண்டாம் பாதி முழுக்க ஒரே கேள்வி: இவருக்கு யாரிடமிருந்து வந்தது? பார்வதி நடித்த மருத்துவர் நோட்டுப் புத்தகமும் கையுமாக அலைகிறார். இன்ன தேதி, இன்ன நேரம், மருத்துவமனையின் இன்ன இடத்தில் யார் யார் இருந்தார்கள் என்று கேட்டுக் கேட்டுக் கோத்துக்கொண்டே போகிறார். சாவு எண்ணிக்கையைப் பெயர்களாக மாற்றிக்கொண்டே போகிற படம் அது. நோயாளிக்குப் பணிவிடை செய்து உயிர் விட்ட நர்ஸ் லினியை நினைவூட்டும் பாத்திரத்தில் ரீமா கல்லிங்கல் வருவார். ஒளிப்பதிவு, பணம், பிரம்மாண்டம் எதிலும் அமெரிக்கத் தொடரோடு போட்டிபோட முடியாது. ஆனாலும் கொள்ளைநோய் என்றால் என்ன வேலை நடக்கும் என்று ஒருவருக்குக் காட்ட வேண்டுமானால் நான் ‘வைரஸ்’ படத்தைத்தான் போட்டுக் காட்டுவேன்.

‘ஹாட் ஸோன்’ இரண்டாவது பாகம் 2021-ல் வந்தது. 2001-ல் கடித உறையில் ஆந்த்ராக்ஸ் பொடியை அனுப்பி ஐந்து பேரைக் கொன்ற வழக்கு. அது துப்பறியும் கதையாகப் போய்விடுவதால் இங்கே நீட்டவில்லை. தொடர் பிடித்தவர்கள் பார்க்கலாம்.

இன்னொன்றைச் சொல்லியாக வேண்டும். 2019 மே மாதம் இந்தத் தொடர் ஒளிபரப்பான அதே நாட்களில் காங்கோவின் கிழக்கே, வடக்கு கிவு பகுதியில் எபோலா கொன்றுகொண்டிருந்தது. 2018 ஆகஸ்டில் தொடங்கி 2020 ஜூன் வரை நீடித்து 2,200 பேருக்கு மேல் பலிவாங்கிய நோய். அங்கே மக்கள் சிகிச்சை மையங்களைக் கண்டு பயந்தார்கள். உள்ளே போனவர் பிணமாகத்தான் வருவார் என்று பேச்சு. மையங்களைத் தாக்கினார்கள். உலக சுகாதார நிறுவனத்துக்காக வேலை செய்த கேமரூன் நாட்டு மருத்துவர் ரிச்சர்ட் மூஸோகோவை 2019 ஏப்ரலில் புடெம்போ நகரத்து மருத்துவமனையில் சுட்டுக் கொன்றார்கள்.

அந்த நோயை எதிர்த்த பணிக்குக் காங்கோ அரசு 2019 ஜூலையில் தலைவராக நியமித்தது யாரை? முயெம்பேயை. வெறும் கையால் ரத்தம் எடுத்த அதே மனிதர், எழுபது வயது தாண்டியவர். 1995-ல் கிக்விட் நகரத்தில் நோய் வந்தபோது, பிழைத்தவர்களின் ரத்தத்தை எட்டு நோயாளிகளுக்கு ஏற்றிப் பார்த்தார். ஏழு பேர் பிழைத்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லாததால் விஞ்ஞான உலகம் அதைக் கண்டுகொள்ளவில்லை. அவர் விடவில்லை. கிக்விட்டில் பிழைத்த ஒருவரின் ரத்தத்திலிருந்து அமெரிக்க விஞ்ஞானிகளோடு சேர்ந்து ஒரு எதிர்ப்பொருளைப் பிரித்தெடுத்து மருந்தாக்கினார். வடக்கு கிவுவில், குண்டுச் சத்தத்துக்கு நடுவே, நான்கு மருந்துகளை ஒப்பிட்டு முறைப்படி ஆய்வு நடந்தது. 2019 ஆகஸ்டில் முடிவு வந்தது. தேறிய இரண்டு மருந்துகளில் ஒன்று அது.

அந்த ஆய்வில், உடம்பில் வைரஸ் அளவு குறைவாக இருக்கும்போதே வந்து இந்த இரண்டு மருந்துகளில் ஒன்றைப் போட்டுக்கொண்டவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பிழைத்தார்கள். காலம் தாழ்த்தி வந்தவர்களுக்கு அந்த அளவுக்கு உதவவில்லை. முயெம்பே அப்போது மக்களுக்குத் திரும்பத் திரும்பச் சொன்னது இதைத்தான்: இந்த நோய்க்கு இப்போது மருந்து இருக்கிறது, காய்ச்சல் என்றதும் வாருங்கள். யாராவது அவர் கதையைத் தொடராக எடுத்தால், நான் அக்காவையும் கூட்டிவைத்துக்கொண்டு முதல் நாளே பார்ப்பேன்.